லீசிங் காருக்கு பிரேக் மாற்றுவது: ஏஜென்டா, பஞ்சிகாவத்தையா, பக்கத்து கராஜா?

லீசிங் காசு, பெற்றோல், இன்சூரன்ஸ், வீட்டு வாடகை, பிள்ளைகளின் ஸ்கூல் வேன் என்று சம்பளம் கைக்கு வருமுன்பே பங்கு பிரிந்துவிடுகிறது. அந்த நேரம் பார்த்துத்தான் முன் சில்லிலிருந்து கீச்சென்று சத்தம் வரும். கார்க் கம்பனியின் உள்ளூர் ஏஜென்டிடம் விலை கேட்டால் ஒரு தொகை சொல்வார்கள். பக்கத்து கராஜில் அதைவிட நன்றாகக் குறைத்துச் சொல்வார்கள். தெரிந்த ஒருவர் சொல்லும் இடத்தில் அதிலும் குறைவு. எதை நம்புவதென்று தெரியாமல், இன்னும் ஒரு மாதம் ஓட்டிப் பார்ப்போம் என்று தள்ளிப்போடுகிறோம். பேட் (பிரேக் மிதிக்கும்போது உராயும் கட்டை) மட்டும் மாற்றினால் போதும் என்றிருந்த வேலை, சில்லோடு சுழலும் இரும்புத் தட்டான டிஸ்க்கையும் சேர்த்து இழுத்துக்கொள்வது அந்த ஒரு மாதத்தில்தான்.

என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உராயும் பொருளில், அதாவது பேட்டிலும், ட்ரம் வகைப் பிரேக்கில் அந்த வேலையைச் செய்யும் லைனரிலும், காசு மிச்சம் பிடிக்கக் கூடாது. கூலியில் பிடிக்கலாம், தேவையில்லாமல் மாற்றச் சொல்லும் பாகங்களில் பிடிக்கலாம், எல்லாவற்றையும்விட அந்தக் காசை எங்கிருந்து எடுக்கிறோம் என்பதில் பிடிக்கலாம். லீசிங் கட்டுகிறவருக்குக் கடைசியில் சொன்னதுதான் பெரிய மிச்சம்.

காகிதத்தில் கார் யாருடையது

லீசிங் காரின் பதிவுச் சான்றிதழில் கம்பனிதான் முழு உரிமையாளர். நாம் பதிவு செய்யப்பட்ட உரிமையாளர். மூலப் பிரதி அவர்களிடம் இருக்கும், நம் கையில் போட்டோ கொப்பி. ஆனால் பராமரிப்பு முழுக்க நம் தலையில்தான். வாகனத்தை நல்ல நிலையில் வைத்திருக்க வேண்டும் என்ற வரி லீசிங் ஒப்பந்தங்களில் வழக்கமாக இருப்பது. கடைசித் தவணை கட்டும்வரை அந்தக் கார் கம்பனியின் சொத்து என்பதால் அவர்கள் அப்படித்தான் எழுதுவார்கள்.

பிரேக் மாற்ற அவர்களிடம் அனுமதி கேட்க வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். தேய்ந்ததை எடுத்துவிட்டு அதே வகைப் பாகத்தைப் போடுவது பராமரிப்பு. காரின் அமைப்பை மாற்றுவதாக அது கணக்கில் வராது. பெரிய டிஸ்க், வேறு வகைக் கலிப்பர் (பேட்டை டிஸ்க்கோடு அழுத்தும் பாகம்) என்று போகப்போனால் கேட்டுவிட்டுப் போங்கள். கவனிக்க வேண்டியவர்கள் இரண்டு வகை. அலுவலகம் ஒப்பரேட்டிங் லீசில் (வாடகைபோல் எடுத்து, காலம் முடியத் திருப்பிக் கொடுக்கும் முறை) எடுத்துக் கொடுத்த கார் என்றால் சேர்விஸ் செலவு ஏற்கெனவே மாதத் தொகையில் அடங்கியிருக்கக் கூடும். கையிலிருந்து கட்டுவதற்கு முன் நிர்வாகப் பிரிவில் கேளுங்கள். வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் திரும்பத் திறந்த பிறகு புதுக் கார் லீசிங்கில் எடுத்தவர்கள், உத்தரவாதப் புத்தகத்தில் பிரேக் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துவிட்டு வெளியில் கொடுங்கள்.

இன்சூரன்ஸ் தருமா என்றால், தராது. லீசிங் காருக்கு முழுக் காப்புறுதி கட்டாயமாகக் கேட்பார்கள், அதற்கு நல்ல தொகையும் கட்டுகிறோம். ஆனாலும் தேய்மானம் அதற்குள் வராது. பேட் தேய்ந்த காரை ஓட்டிப்போய் முன்னால் நிற்கும் வேனில் இடித்தால், நட்டஈடு கேட்காததற்குக் கிடைக்கும் கழிவான நோ கிளெய்ம் போனஸ் போகும், நம் பங்காகக் கழிக்கும் தொகையும் போகும். வாகனத்தைப் பராமரிக்கவில்லை என்ற கேள்வியும் எழலாம். 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டமும் ஒழுங்காக வேலை செய்யும் பிரேக்கைக் கேட்கிறது. ஒவ்வொரு வருடமும் வாகன வருமான லைசன்ஸ் எடுக்கப் புகைப் பரிசோதனைக்குப் போய் வருவதால் கார் சரியாக இருக்கிறது என்று நினைக்கக் கூடாது. அங்கே பார்ப்பது புகையை மட்டும்தான், பிரேக்கை யாரும் பார்ப்பதில்லை.

முதலில் அளவு, பிறகு விலை

விலை கேட்க முதல் என்ன தேய்ந்திருக்கிறது என்று தெரிய வேண்டும். 'பிரேக் செட் முழுக்க மாற்ற வேண்டும்' என்று யாராவது சொன்னால் உடனே தலையாட்ட வேண்டாம். எந்தச் சில்லு, எத்தனை மில்லிமீற்றர் என்று கேளுங்கள்.

புது பேட்டில் உராயும் பகுதி பொதுவாக 10 முதல் 12 மி.மீ. வரை இருக்கும். 3 மி.மீ. அளவுக்கு வந்தால் மாற்றும் நேரம். பல பேட்களில் ஒரு சின்ன உலோக நாக்கு இருக்கும். பேட் மெலிந்ததும் அது டிஸ்க்கில் உரசிக் கீச்சிடும். நமக்கு எச்சரிக்கை கொடுக்கவே வைத்தது அது. கீச்சு போய் கரகரவென்று அரைக்கும் சத்தம் வந்துவிட்டால், பேட்டின் இரும்புத் தகடே டிஸ்க்கைத் தின்கிறது என்று அர்த்தம். அதற்குமேல் ஓடும் ஒவ்வொரு கிலோமீற்றரும் காசு.

அலோய் சில்லு என்றால் ஃபோன் டோர்ச்சைப் பிடித்து இடைவெளி வழியாகவே வெளிப்பக்க பேட்டைப் பார்க்கலாம். ஆனால் உள்பக்க பேட் கண்ணில் படாது, பல நேரம் அதுதான் முதலில் தேய்கிறது. கலிப்பர் வழுக்கி நகரும் பின்களில் கிறீஸ் காய்ந்து இறுகிப்போனால் ஒரு பக்க பேட் மட்டும் அழுத்தப்பட்டே இருக்கும். காலி வீதியிலும் கடற்கரைப் பக்கமும் குடியிருக்கும் நாங்கள் இதைக் கொஞ்சம் கூடவே கவனிக்க வேண்டும், உப்புக் காற்று இரும்பை விடாது. வெளிப் பேட் பாதி இருக்க உள் பேட் முடிந்திருந்தால், பேட்டை மட்டும் மாற்றுவது பிரயோசனமில்லை. பின்னைக் கழற்றித் துடைத்து, அதற்கென்று உள்ள கிறீஸ் பூச வேண்டும். இதற்குப் போகும் காசு மிகச் சொற்பம். இதைச் செய்யாமல் விட்டால் புது பேட்டும் அதே கதிக்கு வரும்.

பிரேக் ஒயில் போத்தலில் அளவு குறைந்திருந்தால் உடனே ஊற்றி நிரப்பாதீர்கள். பேட் தேயத் தேய, அதைத் தள்ளும் கலிப்பர் பிஸ்டன் வெளியே வரும், அந்த இடத்தை நிரப்ப ஒயில் இறங்கும். அது இயல்பு. நிரப்பி வைத்தால், புது பேட் போடும்போது பிஸ்டனைப் பின்னே தள்ள, ஒயில் பொங்கி வழியும். வண்டியின் பெயின்ட்டில் பட்டால் பெயின்ட் உரியும். பேட் நன்றாக இருக்கும்போதே ஒயில் இறங்கினால் எங்கோ கசிவு இருக்கிறது. பெடல் பஞ்சு மாதிரி அமுங்கினாலோ, பிரேக் பிடிக்கும்போது கார் ஒரு பக்கம் இழுத்தாலோ, அது செலவுக் கணக்கு பார்க்கும் நிலைமை இல்லை. காரை எடுக்காதீர்கள்.

டிஸ்க்கை மாற்றுவதா, லேத்தில் பிடித்து மட்டம் எடுப்பதா என்பது அடுத்த கேள்வி. ஒவ்வொரு டிஸ்க்கிலும் குறைந்தபட்ச தடிப்பு எத்தனை என்று பொறித்திருப்பார்கள். பெரும்பாலும் நடுப்பகுதியிலோ ஓரத்திலோ இருக்கும், துருவைத் துடைத்தால் தெரியும். என் மச்சானின் வேகன் ஆர் காரைக் கொட்டாஞ்சேனையில் ஒரு ஒழுங்கை கராஜுக்குக் கொண்டுபோனபோது, அங்கிருந்த மெக்கானிக் பாஸ் பேட்டைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் முதலில் டிஸ்க்கை எமரித் தாளால் துடைத்து அந்த எண்ணைக் காட்டினார். பிறகு தடிப்பு அளக்கும் வேர்னியரை ஓரத்து மேடு தவிர்த்து உள்ளே வைத்து மூன்று நான்கு இடத்தில் அளந்தார். "தம்பி, இன்னும் ஒரு பேட் செட்டுக்கு டிஸ்க் தாங்கும். அதுக்குப் பிறகு வெட்டக் கேளாதீங்க, மாத்திடுங்க" என்றார். அதற்கு முன் விலை கேட்ட வேறொரு இடத்தில் சில்லைக் கழற்றாமலே டிஸ்க்கையும் சேர்த்து எழுதிக் கொடுத்திருந்தார்கள். அளந்து பேசுகிற ஒருவரைத் தேடிப் பிடிப்பதிலேயே பாதிச் செலவு குறைந்துவிடுகிறது.

மட்டம் எடுத்த பிறகும் பொறித்த எண்ணுக்கு மேலே நல்ல இடைவெளி மிஞ்சினால் லேத் வேலை லாபம். மயிரிழைதான் மிஞ்சும் என்றால் வேண்டாம். மெலிந்த டிஸ்க் சீக்கிரம் சூடேறி நெளியும், ஸ்டியரிங் நடுங்கும், கொடுத்த கூலியும் வீண். லீசிங் இன்னும் மூன்று வருடம் இருக்கிறவர் புது டிஸ்க் போடுவது சரி. சில மாதத்தில் கணக்கை முடித்துக் காரை விற்கப்போகிறவருக்கு, அளவு இடம் கொடுத்தால், மட்டம் எடுப்பதே போதும்.

எங்கே கொடுப்பது

ஏஜென்டிடம் கொடுத்தால் பாகம் சரியான பாகம், வேலைக்குப் பதிவு இருக்கும், பிசகினால் திரும்பிப் போய்க் கேட்கலாம். விலைதான் கனதி. 2024 ஜனவரியிலிருந்து வற் வரி 18 வீதம், அதுவும் பில்லில் ஏறும். விலை கேட்கும்போது வரியோடு எவ்வளவு என்று கேளுங்கள், இல்லாவிட்டால் ஒப்பிடுவதே பிழைத்துவிடும். இன்னொன்று, ஜப்பானிலிருந்து பாவித்த காராக இறக்கப்பட்டவற்றுக்கு உள்ளூர் ஏஜென்டிடம் எல்லாப் பாகமும் கையிருப்பில் இருக்கும் என்று சொல்ல முடியாது. ஓடர் போட்டுக் காத்திருக்க வேண்டி வரலாம்.

அடுத்தது டயர், பட்டரி, சேர்விஸ் எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே செய்யும் இடங்கள். நடுத்தர விலை, பில் கிடைக்கும், கார்ட்டில் கட்டலாம். ஆனால் அங்கே வைத்திருக்கும் பிராண்டைத்தான் போடுவார்கள். எந்த பேட் என்று கேட்டு, பெட்டியைப் பார்த்துவிட்டுப் போட விடுங்கள்.

வீட்டுக்கு வந்து செய்து தரும் மெக்கானிக்குகளும் இப்போது நிறையப் பேர் இருக்கிறார்கள். முன் பேட் மாற்ற மட்டும் என்றால் வசதிதான். ட்ரம் திறந்து லைனர், சிலிண்டர் என்று போனால், சரிவான ஒழுங்கையில் ஜாக்கை வைத்துச் செய்கிற வேலை அல்ல அது. நாமே செய்துகொள்ளலாமா என்று கேட்பவர்களுக்கும் இதுதான் பதில். சமதளமான கொங்கிறீட் தரையும், ஜாக்கோடு ஸ்டாண்டும், முன்பு ஒருமுறையாவது பக்கத்தில் நின்று பார்த்த அனுபவமும் இருந்தால் முன் பேட் கடினமான வேலை இல்லை. கலிப்பரை ரப்பர் ஹோசில் தொங்க விடாமல் கம்பியால் கட்டி வைக்கத் தெரியாதவர் தொடக்கூடாது. வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் தரிப்பிடமே ஒரு கார் நுழையும் அளவுதான், அங்கே இதற்கெல்லாம் இடமில்லை.

நான் அதிகம் சிபாரிசு செய்வது நாலாவது வழி. பாகத்தைக் கொழும்பின் கார்ப் பாகக் கடைத் தெருவான பஞ்சிகாவத்தையில் நாமே வாங்கி, அளந்து பேசுகிற பக்கத்து கராஜில் கூலிக்கு மட்டும் கொடுப்பது. கராஜே பாகம் எடுத்துத் தரும்போது அதில் ஒரு தரகு இருக்கும், அவர்களும் பிழைக்க வேண்டும்தான். ஆனால் பாகத்தை நாமே எடுத்தால் பெட்டி நம் கண்முன் திறக்கிறது. கராஜ்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், 'பாகம் நான் கொண்டு வாறன், கூலி எவ்வளவு எண்டு சொல்லுங்க' என்று. சிலர் விரும்ப மாட்டார்கள், வேறொருவரைப் பார்க்கலாம். கூலியில் சில நூறு ரூபா கூடக் கேட்டாலும் பரவாயில்லை, கொடுத்துவிடலாம்.

பஞ்சிகாவத்தையில் வாங்கும்போது

மருதானைக்குப் பக்கத்தில், சங்கராஜ மாவத்தை வரைக்கும் விரியும் இந்தக் கடைத் தெருவில் கிடைக்காத கார்ப் பாகம் குறைவு. அதனால்தான் ஏமாறுவதும் சுலபம்.

கார் பெயரை மட்டும் சொல்லிக்கொண்டு போகாதீர்கள். வேகன் ஆர் என்றால் எது? எம்.எச்.34 ஆ, 44 ஆ, 55 ஆ? விட்ஸ் என்றால் கே.எஸ்.பி.90 ஆ, 130 ஆ? எக்ஸியோ என்றால் பெற்றோல் 141 ஆ, ஹைபிரிட் 165 ஆ? பெயர் ஒன்றானாலும் பேட்டின் வடிவம் மாறும். பதிவுச் சான்றிதழின் போட்டோ கொப்பியில் செசி நம்பர் இருக்கிறது, அதை ஃபோனில் படம் எடுத்துக்கொண்டு போங்கள். முடிந்தால் கழற்றிய பழைய பேட்டையும் கையில் கொண்டு போங்கள். கடைக்காரர் இரண்டையும் ஒட்டிப் பிடித்துப் பார்ப்பதைவிட உறுதியான சோதனை இல்லை. போயா நாளிலும் ஞாயிறிலும் போய் அலைய வேண்டாம். வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் பல கடைகள் சாத்தியிருக்கும்.

அங்கே கிடைப்பதை நான்காகப் பிரிக்கலாம். கார்க் கம்பனியின் பெயர் போட்ட அசல். அக்கிபோனோ, நிஷின்போ, அட்விக்ஸ், பெண்டிக்ஸ் போன்ற பெயருள்ள பிரேக் உற்பத்தியாளர்களின் பெட்டி. பெயர் தெரியாத மலிவுப் பெட்டி. அப்புறம் ஜப்பானிலிருந்து வந்த ரீகண்டிஷன், அதாவது பாவித்த பாகம். என் தேர்வு இரண்டாவது. அசல் பெட்டிக்குள் இருப்பதும் பல நேரம் இப்படியான ஒரு உற்பத்தியாளர் செய்ததுதான், பெட்டியின் பெயருக்குத்தான் மேல்விலை. மூன்றாவதைத் தொடவே வேண்டாம். மலிவுப் பேட் கல்லுப்போல் இறுகியிருந்தால் டிஸ்க்கைத் தின்னும், சூடானதும் பிடிப்பு விடும். விலையில் மிச்சம் பிடித்த காசு டிஸ்க்கில் போய்விடும்.

பிரபலமான பெயர்களுக்குப் போலியும் உண்டு. அச்சு மங்கலாக இருந்தால், பெட்டியில் உள்ள இலக்கமும் பேட்டின் முதுகில் உள்ள இலக்கமும் ஒத்துப்போகாவிட்டால், நான்கு பேட்டும் ஒரே நிறம் ஒரே தடிப்பாக இல்லாவிட்டால் வைத்துவிட்டு வாருங்கள். கடைக்காரர் பில்லில் பிராண்டையும் இலக்கத்தையும் எழுதித் தர மறுத்தால் அதுவே போதுமான பதில்.

ரீகண்டிஷனைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஆக்களுக்கு அதில் நல்ல நம்பிக்கை. கலிப்பர் இறுகிப் போய் திருத்த முடியாவிட்டால், ரீகண்டிஷன் கலிப்பர் வாங்கிப் புது ரப்பர் கிட் போட்டுக்கொள்வது நல்ல வழி, புதியதோடு பார்த்தால் பெரிய மிச்சம். ட்ரம்மும் டிஸ்க்கும் ரீகண்டிஷனில் வாங்கலாம், வேர்னியர் வைத்து அளந்தால் மட்டும். ஆனால் ரீகண்டிஷன் பேட் வாங்கக் கூடாது. எந்தக் காரில் எவ்வளவு சூடேறியது, எந்த ஒயில் பட்டது என்று யாருக்கும் தெரியாது. ஒருமுறை ஒயில் குடித்த பேட் துடைத்தாலும் பிடிக்காது.

அல்டோ, வேகன் ஆர், விட்ஸ், எக்ஸியோ என்று இங்கே ஓடும் சின்னக் கார்கள் பலவற்றுக்குப் பின்பக்கம் ட்ரம்தான். லைனரைத் தாங்கும் வளைந்த இரும்பான பழைய சூவில் புது லைனர் ஒட்டித் தரும் இடங்கள் உண்டு. லொறிக்கும் பஸ்ஸுக்கும் அது பழைய தொழில், கைதேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். காருக்கு, புது சூ செட் கிடைக்கிற இடத்தில் நான் ஒட்டக் கொடுக்க மாட்டேன். விலை வித்தியாசம் சிறியது, ஒட்டு விட்டுப்போனால் லைனர் கழன்று ட்ரம்முக்குள் சிக்கும். பின்பக்கம் மெதுவாகத்தான் தேயும், பிரேக்கின் பெரும் பாரத்தை முன்பக்கமே தாங்குகிறது. அதனால் முன்னை மாற்றும்போது பின்னைத் திறந்து பார்த்து, தூசியைத் துடைத்து, சிலிண்டர் கசிகிறதா என்று கவனித்தாலே பல நேரம் போதும். எதை மாற்றினாலும் இடமும் வலமும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒரு பக்கம் மட்டும் என்பது மிச்சமே இல்லை.

பிரேக் ஒயிலும் வாங்கிக்கொண்டு வாருங்கள். இது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் திரவம், அதனால்தான் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். டொட் 3 புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகையில் கொதிக்கும். ஈரம் ஏறினால் அது 140 வரை இறங்கலாம். டொட் 4 என்றால் 230, ஈரம் ஏறினால் 155. நுவரெலியாவிலிருந்து ரம்பொடை வழியாகவோ, கடுகண்ணாவையிலோ இறங்கும்போது பிரேக்கை அழுத்திக்கொண்டே வந்தால் அந்தச் சூட்டில் ஒயில் கொதித்து ஆவியாகும், பெடல் தரை வரை போகும். கியரைக் குறைத்து எஞ்சினைப் பிடிக்க விடுவதுதான் அங்கே முதல் பிரேக். ஹைபிரிட்டில் அதற்கு 'பி' இருக்கிறது. போத்தல் மூடியில் டொட் 3 என்றிருந்தால் அதையே போடுங்கள், டொட் 5 மட்டும் வேண்டவே வேண்டாம். அது சிலிக்கன், மற்றவற்றோடு சேராது. கடையில் திறந்து வைத்த போத்தலில் மிச்சம் கிடக்கும் ஒயிலையும் வாங்காதீர்கள்.

ஹைபிரிட் என்றால் கணக்கு வேறு

அக்குவா, பிரியஸ், ஹைபிரிட் எக்ஸியோ வைத்திருப்பவர்களுக்கு நல்ல சேதி, மோட்டாரே வேகத்தைக் குறைத்து பட்டரிக்கு அனுப்புவதால் பேட் நீண்ட காலம் வரும். கெட்ட சேதி, அதிகம் பாவிக்காததால் கலிப்பர் பின்கள் துருப்பிடித்து இறுகுவது இவற்றில்தான் கூட. பேட் தடிப்பாக இருக்கிறது என்று கழற்றிப் பாராமல் விடாதீர்கள்.

இந்தக் கார்களில் பிரேக்கை மின்னணுவில் இயக்கும் பம்ப் உண்டு. டொயோட்டா ஹைபிரிட்டில் சாரதிக் கதவைத் திறந்தாலே அந்தப் பம்ப் உயிர் பெற்று அழுத்தம் ஏற்றும். கலிப்பர் கழன்று கிடக்கும்போது யாராவது கதவைத் திறந்தால் பிஸ்டன் வெளியே தள்ளப்படும், பக்கத்தில் கை இருந்தால் கையும் போகும். தெரிந்த மெக்கானிக் காரை முழுக்க ஓஃப் செய்து, சின்ன பட்டரியின் வயரைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் தொடுவார். ஒயில் மாற்றிக் குழாயிலுள்ள காற்றை எடுக்க, காரின் கணினியோடு இணைக்கும் ஸ்கேனர் வேண்டும். ஆக, ஹைபிரிட்டைக் கொடுக்கும் இடத்தில் இரண்டே கேள்வி போதும்: 12 வோல்ட் பட்டரியைக் கழற்றுவீர்களா, ஸ்கேனர் இருக்கிறதா? தயங்கினால் வேறு இடம் பாருங்கள். மின் ஹேண்ட் பிரேக் உள்ள கார்களுக்கும் ஸ்கேனர் கேள்வியைக் கேளுங்கள், பின் பிஸ்டனைப் பலவந்தமாகத் தள்ளினால் மோட்டார் உடையும். இங்கே ஏஜென்டுக்கோ ஹைபிரிட் மட்டும் செய்யும் கராஜுக்கோ கூடக் கொடுப்பது நியாயமான செலவு.

காசு எங்கிருந்து

லீசிங் கட்டுகிறவர் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான். கையில் காசில்லை, கம்பனியிலிருந்து 'டொப் அப் எடுங்கள்', அதாவது லீசிங்கோடு மேலதிகக் கடன் எடுங்கள் என்று ஃபோன் வருகிறது. மாதத்துக்குச் சின்னத் தொகைதானே என்று தோன்றும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பிரேக் வேலை மொத்தம் 60,000 ரூபா என்றும், வருட வட்டி 20 வீதம் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். 36 மாதத்தில் கட்டினால் மாதம் ஏறக்குறைய 2,230 ரூபா. மொத்தம் 80,000 தாண்டும், அதாவது வட்டியே 20,000. இதோடு ஆவணக் கட்டணமும் வரும். பிக்மீ, ஊபர் ஓடுகிற கார் நாளுக்கு 100 கிலோமீற்றர் ஓடினால் வருடத்தில் 30,000 தாண்டிவிடும். இந்தக் கடன் முடிவதற்குள் அந்த பேட் முடிந்து, அடுத்த பேட்டும் போட வேண்டி வரும். முடிந்துபோன பொருளுக்கு வட்டி கட்டிக்கொண்டிருப்போம். பிரேக்குக்கு எடுக்கும் கடன் பேட் தேய்வதற்கு வெகு முன்னரே முடிய வேண்டும், ஆறு மாதம் என்பது என் எல்லை.

அந்த எல்லைக்குள் வருபவை சில உண்டு. கிரெடிட் கார்ட்டில் மூன்று அல்லது ஆறு மாதத் தவணைத் திட்டம் கிடைத்தால் நல்லது, கையாளும் கட்டணம் எவ்வளவு என்று மட்டும் முதலில் கேளுங்கள். தவணையாக மாற்றாமல் குறைந்தபட்சத் தொகையைக் கட்டிக்கொண்டு போவது டொப் அப்பைவிட மோசம். ஒஃபிசில் சீட்டுப் பிடித்தால், இந்த மாதம் எனக்குத் தாருங்கள் என்று கேட்டு மாற்றிக்கொள்ளலாம். வட்டியே இல்லாத வழி இது, கேட்கக் கூச்சப்படுவதில் அர்த்தமில்லை. வங்கியில் நகை அடகு அவசரத்துக்கு உதவும், ஆனால் இரண்டு மூன்று மாதத்தில் மீட்க முடியும் என்று தெரிந்தால்தான்.

பலர் யோசிக்காத வழி ஒன்றும் இருக்கிறது. சம்பளம் வரும்வரை காரை நிறுத்திவிடுவது. தெஹிவளை, வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் இருப்பவருக்குக் கோட்டைக்குப் போகக் கரையோர ரயில் இருக்கிறது, காலி வீதி முழுக்க பஸ் இருக்கிறது. இரண்டு கிழமை நிறுத்தினால் பெற்றோல் காசு மிஞ்சும், அதுவே பேட் விலையில் ஒரு நல்ல பங்கு. தேய்ந்த பேட்டோடு ஓடி டிஸ்க்கைக் கெடுக்கும் செலவும் இல்லை. கார் ஓடித்தான் தவணை கட்ட வேண்டிய டாக்ஸிக்காரருக்கு இது பொருந்தாது. அவர் முதலில் முன் பேட்டை மட்டும் நல்லதாகப் போட்டு, டிஸ்க் அளவு இடம் கொடுத்தால் அதை அடுத்த மாதத்துக்குத் தள்ளலாம்.

லீசிங் தவணையா பிரேக்கா, ஒன்றுதான் முடியும் என்ற நிலைமை வந்தால் தவணைத் திகதிக்கு முன்பே கம்பனியின் கிளைக்குப் போய்ச் சில நாள் அவகாசம் கேளுங்கள், கேட்டதை எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தாமதத்துக்கு மேலதிகமாக அறவிடுவார்கள், எவ்வளவு என்று அங்கேயே கேட்டுவிடலாம். சொல்லாமல் இருந்துவிட்டு இரண்டு மூன்று தவணை சேர்ந்த பிறகு கதைப்பதுதான் காரை இழக்கும் வழி.

வேலை முடிந்ததும்

கழற்றிய பழைய பேட்டை வாங்கிப் பாருங்கள். இடமும் வலமும், உள்ளும் வெளியும் ஒரே அளவில் தேய்ந்திருக்கிறதா என்று அதில் தெரியும். காரை எடுக்க முதல் பெடலைப் பலமுறை மிதித்து இறுக்கம் வந்த பிறகே நகர்த்த வேண்டும், பிஸ்டன் பின்னே தள்ளப்பட்டிருப்பதால் முதல் மிதியில் பிரேக் பிடிக்காது. கராஜ் வாசலிலேயே வீதிக்குள் பாய்ந்த கார்கள் உண்டு.

புது பேட் டிஸ்க்கோடு பழகக் கொஞ்சம் ஓட வேண்டும். காலையில் வாகனம் குறைந்த நேரம், பாராளுமன்றப் பக்கம் போன்ற அகலமான வீதியில், 50 வேகத்திலிருந்து 10 வரை மெதுவாகக் குறைத்து, இடையில் கொஞ்சம் ஓட விட்டு, இப்படிப் பலமுறை செய்யுங்கள். முழுக்க நிறுத்தி, மிதித்தபடியே நிற்க வேண்டாம். முதல் சில நாள் அவசரமாக அழுத்துவதைத் தவிர்த்தால் சத்தமும் வராது.

பில்லில் வாகன இலக்கம், கிலோமீற்றர், போட்ட பாகத்தின் இலக்கம் மூன்றையும் எழுதி வாங்கி, லீசிங் ஒப்பந்தம் இருக்கும் கோப்பிலேயே வையுங்கள். உத்தரவாதத்தில் இருக்கும் காருக்கும், விபத்து நடந்து இன்சூரன்ஸ் ஆள் கேள்வி கேட்கும்போதும், கடைசித் தவணைக்குப் பிறகு காரை விற்கும்போதும் அந்தத் தாள் பேசும். 500 கிலோமீற்றர் ஓடியதும் அதே கராஜில் சில்லு நட்டுகளை இறுக்கிப் பார்த்து, ஒயில் அளவையும் ஒருமுறை காட்டிவிடுங்கள், நல்ல பாஸ் அதற்குக் காசு கேட்க மாட்டார்.